பெட்டி சீனில் மட்டும் என் குரல்

எனக்குக் குரல் இல்லை. கழுத்தின் முன்பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். குளிக்கும்போது அதற்குள் தண்ணீர் போகாமல் தங்கச்சி கையால் மறைத்துப் பிடிக்கிறாள். சூடான தேத்தண்ணியை ஊதிக் குடிக்க முடியாது. கறி கருகினாலும் மூக்குக்குத் தெரியாது. பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கின்றன.

பேசுவதற்கு ஒரு மெஷின் தந்தார்கள். தாடைக்குக் கீழே வைத்து அமுக்கினால் வண்டு மாதிரி இரைந்துகொண்டு பேசும். ஒரு நாள் அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரன் போன் என்று நினைத்துத் தன் சட்டைப் பையைத் தடவினான். அதற்குப் பிறகு அதை அலுமாரியில் போட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். வாய் இருந்த காலமாக இருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆளைக் கூப்பிட்டு வைத்து நேராகவே ஏசியிருப்பேன்.

நான் நடிகை. சிங்களப் படங்களிலும் டெலி நாடகங்களிலும் நடித்தவள். சிறந்த நடிகை என்று தந்த பரிசுகள் தங்கச்சியின் தையல் மெஷினுக்கு மேலே உள்ள தட்டில் இருக்கின்றன, அவற்றின் கழுத்தில் அவள் அளவு நாடாவைத் தொங்கப் போடுவாள். கொழும்புப் பத்திரிகைகளில் என்னைத் தேயிலைத் தோட்டப் பெண்களின் முகம் என்று எழுதுவார்கள். நான் மாத்தளை டவுனில் பிறந்தவள். அப்பா கடைத்தெருவில் மிளகு மூட்டையும் கொக்கோ மூட்டையும் தூக்கினார். நான் தேயிலைச் செடியைக் கிட்ட நின்று பார்த்ததே சினிமாவுக்கு வந்த பிறகுதான்.

நாலந்தாவுக்குப் போகிற ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காய், கறுவா, வனிலா எல்லாம் காட்டி எண்ணெய் விற்கிற தோட்டங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு டெலி நாடகக்காரர்கள் அங்கே ஷூட்டிங் எடுக்க வந்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்ணாக நடிக்க வேண்டியவள் வரவில்லை. அங்கே நின்றதில் பொட்டு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அவ்வளவுதான் காரணம். மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கூடையை மாட்டிவிட்டார்கள். கயிற்றை நெற்றியில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் கழுத்தில் போட்டுக்கொண்டேன். நிஜமாகவே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏம்மா, தூக்குப் போட்டுக்கப் போறியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சிங்கள டைரக்டருக்கு அது விளங்கவில்லை. நன்றாக இருக்கிறது, அப்படியே நட என்றார். அந்த நாடகத்தில் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். ஒரு பயலும் அது பிழை என்று சொல்லவில்லை.

அதிலிருந்து எனக்கு வேலைக்குக் குறைவில்லை. கொழுந்து பறித்தேன், பணக்கார நோனாமார் வீட்டில் பாத்திரம் கழுவினேன், புருஷனிடம் அடி வாங்கினேன், மகனைத் தேடிக்கொண்டு பொலிசுக்கு நடந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு படத்திலாவது காலில் செருப்புப் போட விட்டதில்லை. தமிழச்சி என்றால் வெறுங்கால். நான் நன்றாக நடித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எந்தக் குப்பை வசனத்தைத் தந்தாலும் முகத்தால் அதைக் காப்பாற்றிவிடுவேன்.

முகத்தால் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் படங்களில் நடிப்பது ஒருத்தி, பேசுவது இன்னொருத்தி. ஷூட்டிங் முடிந்த பிறகு கொழும்பில் ஸ்டூடியோவுக்குள் வைத்துக் குரலைத் தனியாகப் பதிவார்கள். டப்பிங் என்பது அதுதான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு வராமல் இருக்குமா? ஆனால் என் சிங்களத்தில் தமிழ் வாடை அடிக்கிறதாம். அதனால் கொழும்பில் ஒரு சிங்களப் பெண்ணை வைத்து எனக்குப் பேச வைத்தார்கள். படத்தில் நான் தமிழ்ப் பெண் அல்லவா? அதனால் அவள் வேண்டுமென்றே நாக்கைத் தடித்துக்கொண்டு தமிழச்சி மாதிரிப் பேசுவாள். என் வாயில் இயல்பாக இருந்த வாடை ஆகாது, அவள் செய்கிற போலி வாடை ஆகும். தமிழ் வசனம் வந்தால் வேறொருத்தி வந்து ரேடியோ செய்தி மாதிரி வாசித்துவிட்டுப் போவாள். என் உதட்டுக்கு இரண்டு பேர் கூலி வாங்கினார்கள்.

முதல் பரிசு கிடைத்தபோது, என் குரலில் இருந்த வலி தங்களை அழ வைத்தது என்று நடுவர்கள் சொன்னார்கள். மேடையில் வாங்கிக்கொண்டு இறங்கினேன். கை கழுவுகிற இடத்தில் அந்த டப்பிங் பெண் வந்து என் தோளைத் தொட்டாள். "அக்கே, நம்ம ரெண்டு பேருக்கும் கிடைச்சிருக்கு" என்றாள் சிரித்துக்கொண்டு. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பாவம், அவளில் பிழை இல்லை. ஆனால் அன்று அவள் தொண்டையைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது.

மாத்தளை மார்க்கெட்டில் மரக்கறி விற்கிறவர் ஒருவர் என்னைக் கண்டால் விடமாட்டார். "டிவியில அவ்வளவு வடிவா பேசுறீங்க, இங்க வந்தா மட்டும் என்னா இந்தக் கத்து கத்துறீங்க? கேரட்டு பயந்துறப் போவுது" என்பார். நானும் சிரித்துவிட்டு இன்னும் கூடுதலாகக் கத்துவேன்.

இனி அந்தக் கடைசிப் படத்துக்கு வருகிறேன்.

டைரக்டர் என்னை விட நன்றாக இளையவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். வெளிநாட்டில் பரிசு வாங்கினவன், நல்ல பிள்ளைதான். எங்கள் வீடு தேடி வந்து, தங்கச்சி வெட்டிப் போட்டிருந்த சட்டைத் துணிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து கதை சொன்னான். ஒரு தோட்டத்துத் தாய். மகள் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். பெட்டியில் திரும்பி வருகிறாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சீல் வைத்திருக்கிறார்கள். தாய் அந்தப் பெட்டியோடு பேசுகிறாள். அதுதான் படத்தின் நெஞ்சு என்றான். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான்: "அக்கே, இந்தப் படத்துல உங்க குரல்தான். சிங்களமும் நீங்கதான், தமிழும் நீங்கதான்."

தங்கச்சி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, அவனுக்கு விளங்காமல் இருக்கத் தமிழில் என்னிடம் சொன்னாள்: "போன தடவ வந்தவனும் இதே ஸ்டூல்ல ஒக்காந்துதான் இதே கதைய விட்டான். ஸ்டூல மாத்தணும் போல."

ஆனால் நான் நம்பினேன். நம்ப வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடம் ஊமைப் பொம்மையாக நின்றவளுக்கு ஒருத்தன் வாய் தருகிறேன் என்றால் என்ன செய்வாள்?

ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் ஷூட்டிங். அங்கே காற்று ஆளைத் தள்ளும். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துத் தகரம் இரவு பகலாக அடித்துக்கொள்ளும். அங்கே பிடிக்கிற சத்தம் எதற்கும் உதவாது, காற்றின் இரைச்சல்தான் இருக்கும் என்று முதல் நாளே சவுண்ட்காரர்கள் சொல்லிவிட்டார்கள். உதட்டுக்குப் பொருத்திப் பார்ப்பதற்காக மட்டும் பதிந்தார்கள். எல்லாவற்றையும் பிறகு ஸ்டூடியோவில் பேச வேண்டும்.

ஷூட்டிங் தொடங்கிக் கொஞ்ச நாளில் எனக்குக் குரல் கட்டியது. பனியும் காற்றும்தான் என்று நினைத்தேன். காலையில் எழும்பினால் சத்தம் தகரத்தைக் கல்லில் தேய்த்த மாதிரி வரும். மன்னிப்புக் கேட்கப் போனேன். டைரக்டர் துள்ளிக் குதித்தான்.

"அக்கே, இதுதான்! இந்தத் தாய்க்கு இந்தக் குரல்தான். இதக் கெடுத்துறாதீங்க!"

தேத்தண்ணி ஊற்றுகிறவரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டான்: "அக்கேக்கு இஞ்சி போட்டுக் குடுத்தா உனக்கு வேலை இல்ல!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து யூனிட்டில் யாராவது தொண்டைக்குக் கொத்தமல்லிக் கசாயம் குடித்தால் என்னைப் பார்த்துக் கோப்பையை மறைப்பது ஒரு பகிடியாகப் போனது. மேக்கப் போடுகிற பெண் காலையில் என் முகத்தைத் துடைக்க முதல் "எங்க, பேசுங்க பார்ப்போம்" என்பாள். கரகரப்பு இருந்தால் கை தட்டுவாள். என் குரலுக்காக ஒருத்தி கை தட்டினது அதுதான் முதல் தடவை. எனக்கு அது கள்ளுக் குடித்த மாதிரி இருந்தது.

பெட்டி சீனுக்குத் தந்த வசனத்தை யாரோ கொழும்பில் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். "அருமை மகளே, எம்மைத் தனியே தவிக்க விட்டுச் சென்றாயோ" என்று தொடங்கியது. தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு எழும்பாமல் கிடக்கிற பிள்ளையை ஏசுகிற மாதிரி ஏசினேன். "எந்திரிடி. வெயிலு மூஞ்சியில அடிக்குது, இன்னும் என்னா தூக்கம்? தேத்தண்ணி ஆறிப்போச்சு. தலை சீவ வேணாமா? எந்திரிடி, சனியன் புடிச்சவளே." ஏசி முடித்த பிறகு பெட்டியின் ஆணியை நகத்தால் பிராண்டிக்கொண்டு, "உள்ள காத்து இருக்காடி?" என்று கேட்டேன். அது நான் யோசித்து வைத்ததில்லை, வந்தது. முதல் தடவை பெட்டி மேல் போட்டிருந்த துணியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டதால் திரும்ப எடுத்தார்கள். இரண்டாவதுதான் படத்தில் இருக்கிறது.

ஷூட்டிங் முடிந்தது. டப்பிங் வரும் மாதம் என்றான். பிறகு எடிட்டிங் முடியவில்லை என்றான். பிறகு ஸ்டூடியோ கிடைக்கவில்லை என்றான். நான் மாத்தளையில் குரலைக் காத்துக்கொண்டிருந்தேன். உள்ளதை எழுதுகிறேன்: காத்துக்கொண்டிருந்தேன். வெயிலிலும் கரகரப்புப் போகவில்லை, எனக்குச் சந்தோஷம். தங்கச்சி கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து வைத்தாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் குழாயடியில் ஊற்றினேன்.

"டாக்டர்கிட்ட காட்டுவோம்க்கா. எத்தன மாசமா இப்பிடி இருக்க. சளி, தடிமன்னா இந்நேரம் போயிருக்கணும்."

"டப்பிங் முடியட்டும்."

"டப்பிங்காம். பேசுறதுக்கே மூச்சு வாங்குது உனக்கு, இதுல டப்பிங்கு."

"அவனுக்கு இந்தக் குரல்தான் வேணுமாம். மருந்து குடிச்சு அது போயிருச்சுன்னா? அப்புறம் அந்தக் கொழும்புக்காரியத் திரும்பக் கூப்பிடுவானுங்க."

"கூப்பிடட்டுமே! அவ பேசுனா நீ என்ன செத்தா போயிருவ?"

அன்று அவளோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். உண்மையில் சாப்பிட முடியாமல்தான் இருந்தது. சோறு தொண்டையில் நிற்கத் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் பல் தீட்டும்போது எச்சிலில் இரத்தம் வந்தது. அதைத் தங்கச்சி பார்த்துவிட்டாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினில் அப்படியே விட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண்டி பஸ்ஸில் ஏற்றினாள்.

கண்டியில் பார்த்த டாக்டர் ஒரு பெண். தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார், தசை கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், மறுபடி வரச் சொன்னார். மறுபடி போனபோது கதவைச் சாத்திவிட்டு, குரல் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார். ஷூட்டிங் தொடங்கின காலத்திலிருந்து என்றேன். அவர் முகம் மாறியது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம், இப்போது குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் பேச முடியாது. எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துச் சாக வேண்டும்.

நான் கேட்ட முதல் கேள்வி, கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்பதுதான். டாக்டர் பேனையை மேசையில் போட்டார். "எதுக்குத் தள்ளிப் போடணும்?" டப்பிங் இருக்கிறது என்றேன். அவர் என் தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆப்பரேஷனுக்கு ஒரு திகதி தந்தார்கள். அதற்கு மேலே ஒரு நாளும் தள்ளக் கூடாது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் தங்கச்சி அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள். "அந்தப் பரதேசிக்குப் புடிச்சது உன் குரல் இல்லக்கா. உன் கேன்சரு. அதத்தான் கெடுத்துறாத, கெடுத்துறாதன்னான். நீயும் பல்லக் காட்டிக்கிட்டு வளத்துக் குடுத்த."

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைரக்டருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமல்தான் சிரித்தோம். ஆனால் அவனுக்குப் படம் மிஞ்சியது.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் அழத் தொடங்கினான். "அழுறத அப்புறம் வச்சுக்க. ஆப்பரேஷனுக்கு முந்தி நான் பேசணும். முழுப் படமும் ஏலாது, மூச்சு இல்ல. பெட்டி சீன் மட்டும். அதுல என் குரல் இருக்கணும்" என்றேன். எடிட்டிங் இன்னும் முடியவில்லை, ஸ்டூடியோவில் வேறு படம் நடக்கிறது என்று இழுத்தான். நான் என் வாழ்க்கையில் கற்ற கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். அடுத்த நாள் கூப்பிட்டு வரச் சொன்னான்.

தங்கச்சியும் நானும் கொழும்புக்குப் போனோம். ஸ்டூடியோ சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு அடித்தது. முன்னால் திரை. அதில் நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் சவுண்ட் எஞ்சினியரும் இருந்தார்கள். ஒரு துண்டைப் போடுவார்கள், உதட்டைப் பார்த்துப் பேச வேண்டும். திரையில் இருந்தவளின் கரகரப்பு இப்போது என்னிடம் இல்லை. அதைத் தாண்டிப் போயிருந்தேன். "எந்திரிடி" என்று தொடங்கினால் "டி" வருவதற்குள் மூச்சு முடிந்துவிடும். எஞ்சினியர் பொறுமையான பையன். ஒவ்வொரு சொல்லாகப் பிடிப்போம், நான் ஒட்டிக்கொள்கிறேன் என்றான். ஒவ்வொரு சொல்லாகப் பேசினேன். நடுவில் போய் வாளியில் துப்பிவிட்டு வருவேன். தங்கச்சி வாளியை என் கண்ணுக்குக் காட்டாமல் எடுத்துப்போய்க் கழுவிக்கொண்டு வருவாள்.

"உள்ள காத்து இருக்காடி" என்பதற்கு மட்டும் அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. ஒரே தடவையில் எடுத்தார்கள். அந்தக் கேள்வியை அன்று நான் நடிக்கவில்லை.

வெளியே வந்தபோது டைரக்டர் என் இரண்டு கையையும் பிடித்தான். "அக்கே, இந்த சீனுல ஒரு சொல்ல மாத்த மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்." மற்றதெல்லாம் யார் பேசுவது என்று கேட்டேன். வேறு ஒருத்தியைப் பார்க்க வேண்டும் என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பார் என்றேன். நான் அவனிடம் வாயால் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான்.

ஆப்பரேஷனைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. கண் விழித்தபோது தங்கச்சியைக் கூப்பிடப் பார்த்தேன். கழுத்து ஓட்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளாகத் திரும்பும் வரைக்கும் நான் கிடந்தேன்.

படம் வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதலில் வெளிநாடெல்லாம் போய் வந்தது. பரிசுகள் வாங்கியது, எனக்கும் ஒன்று. அதை வாங்க டைரக்டர் போனான். பிறகு மாத்தளை டவுன் தியேட்டருக்கு வந்தது. பகல் காட்சிக்குத் தங்கச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கழுத்தை மறைக்கத் தானே தைத்த கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டாள். மேனேஜர் ஓடி வந்து கும்பிட்டு, பால்கனியில் நடுவில் உட்கார வைத்தார். கீழே டியூஷனுக்கு மட்டம் போட்ட பையன்கள், கடைத்தெரு ஆட்கள், ஒரு வரிசையில் ரத்தோட்டைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த தோட்டத்துக் குடும்பங்கள். தங்கள் லயத்தைப் படத்தில் பார்க்க வந்திருந்தார்கள். "தோ, எங்க வீட்டு ஜன்னலு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

படத்தில் நான் வாயைத் திறந்தேன். வேறொருத்தி பேசினாள். தொண்டையில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கரகரப்புப் பண்ணியிருந்தாள். அளவான கரகரப்பு. கேட்க நன்றாக இருந்தது. என் வியாதியைக் கழுவி, வாசனைத் தூள் போட்டுத் திரும்பத் தந்திருந்தாள்.

"யாருக்கா இது, பாக்குக் கடிச்சிக்கிட்டே பேசுறா?" என்று தங்கச்சி காதில் சொன்னாள். நான் அவள் தொடையில் தட்டினேன், பேசாமல் இரு என்று. நான் காத்திருந்தது வேறு ஒன்றுக்காக. எனக்கு என் குரல் ஞாபகத்தில் இல்லை. இதை ஆட்கள் நம்ப மாட்டார்கள். ஒரு வருடத்தில் என் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் ஒரு பழைய போனில் கூட இல்லை. நான் நடித்த படம் ஒன்றிலும் இல்லை. இருப்பது இந்தப் பெட்டி சீனில் மட்டும்.

லயத்து வாசலில் பெட்டி வந்து இறங்கியது. நான் உட்கார்ந்தேன். "எந்திரிடி" என்றேன்.

அது நான்தான். கேட்ட உடனே தெரிந்தது. மற்றவளின் பஞ்சுக் குரலுக்குப் பக்கத்தில் அது துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி இருந்தது. சொல்லுக்குச் சொல் ஒட்டின இடம் தெரிந்தது, நடுவில் மூச்சு அடைக்கிறது தெரிந்தது. அசிங்கமாகத்தான் இருந்தது. தங்கச்சி என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள்.

கீழே ஒருத்தன் விசிலடித்தான்.

"ஒப்பரேட்டர்! சவுண்ட்!"

சிங்களத்தில் இன்னொருத்தன் சத்தத்தைச் சரி செய் என்று கத்தினான். "டேய், ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சுடா!" என்று ஒரு பையன் சொல்ல, அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. காலால் பலகையைத் தட்டத் தொடங்கினார்கள். திரையில் நான் மகளை ஏசிக்கொண்டிருக்கிறேன், கீழே இவர்கள் தட்டுகிறார்கள். தங்கச்சி எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"வாயப் பொத்துங்கடா நாய்களா! ஸ்பீக்கர் இல்ல, அது எங்கக்கா! எங்கக்கா குரலுடா அது!"

யாரும் கேட்கவில்லை. ஒருத்தன் மேலே பார்த்து, "உக்காருங்க ஆன்டி, மறைக்குது" என்றான். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அப்போது சத்தம் குறைந்தது. பையன்களின் சத்தம் இல்லை, என் சத்தம். மேனேஜர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், ஒப்பரேட்டர் ஸ்பீக்கர் உடைகிறது என்று நினைத்துக் குறைத்துவிட்டான். திரையில் என் வாய் அசைந்தது. எங்கேயோ அடுத்த வீட்டில் யாரோ முனகுகிற மாதிரிக் கொஞ்சம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

தங்கச்சி சேலையை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். ஒப்பரேட்டர் அறைக் கதவை அவள் இரண்டு கையாலும் அடிக்கிறது எனக்குக் கேட்டது. "கூட்டுடா! சத்தத்தக் கூட்டு! அது அப்பிடித்தான்டா!" உள்ளே அவன் என்னவோ மறுத்துச் சொன்னான். நான் எழும்பிக் கத்தினேன். கழுத்துத் துண்டு உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான் நடந்தது. திரையில் நான் குனிந்து பெட்டியின் ஆணியை நகத்தால் பிராண்டினேன். உதடு அசைந்தது. அந்தக் கேள்வியை நான் கேட்டேன், தியேட்டரில் ஒருவருக்கும் விழவில்லை, எனக்கும் விழவில்லை.

சீன் மாறியது. மழை, லயத்துக்குள் அடுப்பு எரிகிறது, நான் அடுத்த வீட்டுக்காரியோடு பேசுகிறேன். அதே நேரம் தங்கச்சி கதவைத் திறக்க வைத்துவிட்டாள் போல, சத்தம் முழுதாகக் கூடியது. மற்றவளின் அளவான கரகரப்பு தியேட்டர் முழுக்கத் தெளிவாக வந்தது.

"ஆ, இப்ப சரி!" என்று கீழே ஒருத்தன் சொன்னான். ஆட்கள் கை தட்டினார்கள்.